நோயின் பெயர் பிறகு, முதலில் மூட்டு

கேள்வி: மருத்துவப் படிப்பில் இறுதியாண்டு மாணவி நான். அடுத்த மாதம் மூட்டு, தசை நோய்ப் பிரிவில் இரண்டு வாரப் பயிற்சி. எந்த ஆன்டிபாடி எந்த நோய்க்கு என்ற அட்டவணையைத் திரும்பத் திரும்ப மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் ஒரு நோயாளி வந்து "கை வலிக்குது டாக்டர்" என்றால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. எல்லா நோயும் ஒன்றுபோலத் தெரிகிறது. வகைப்பாட்டு அளவுகோல்களை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா? இரண்டு வாரத்தில் எதை, எந்த வரிசையில் படிக்கலாம்?

பதில்: நீங்கள் குறைவாகப் படிக்கவில்லை. படித்த வரிசைதான் தலைகீழ். பாடநூல் நோயின் பெயரில் தொடங்கி அறிகுறிக்கு வருகிறது. நோயாளியோ அறிகுறியோடு வருகிறார். பெயர் கடைசியில்தான் கிடைக்கும். சிலருக்குப் பல மாதம் கழித்துக் கிடைக்கும். சிலருக்கு "வகைப்படுத்த முடியாத மூட்டழற்சி" என்று எழுதிவிட்டே சிகிச்சையைத் தொடங்க வேண்டியிருக்கும்.

முதலில் அந்த அட்டவணையை மூடிவையுங்கள். அது பொய் சொல்வதில்லை, ஆனால் தவறான நேரத்தில் திறந்தால் ஏமாற்றும். ஏ.என்.ஏ. பரிசோதனையை, அதாவது சொந்த அணுக்கருவையே குறிவைக்கும் ஆன்டிபாடியைத் தேடும் சோதனையைப் பாருங்கள். எந்த நோயும் இல்லாதவர்களிலேயே 1:40 நீர்ப்பில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கும், 1:80-இல் 13 சதவீதம் பேருக்கும், 1:160-இல் 5 சதவீதம் பேருக்கும் அது பாசிட்டிவ் வரும். முழங்கால் தேய்மானத்தோடு வருபவர்களுக்கெல்லாம் ஏ.என்.ஏ. எழுதினால், லூபஸ் (நோய் எதிர்ப்பு அமைப்பு சொந்த உடலையே தாக்கும் நோய்) இல்லாத பலரை லூபஸ் பயத்தோடு வீட்டுக்கு அனுப்புவீர்கள். முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ருமட்டாய்டு ஃபேக்டர் என்ற ஆன்டிபாடியும் அப்படித்தான். முதியவர்கள், ஹெபடைட்டிஸ் சி உள்ளவர்கள், இதய உள்ளுறை அழற்சி உள்ளவர்கள், கண்ணும் வாயும் வறளும் ஷோக்ரன் நோயாளிகள் எல்லோரிடமும் அது தலைகாட்டும். மூட்டைத் தொட்டுப் பார்த்து ஒரு சந்தேகம் உருவான பிறகு, அந்தச் சந்தேகத்தைக் கூட்டவோ குறைக்கவோதான் ரத்தப் பரிசோதனை.

சந்தேகத்தை உருவாக்கும் முதல் கேள்வி: வலி மூட்டுக்குள்ளா, மூட்டைச் சுற்றியா? நோயாளி சொல்லும் உறுப்புப் பெயரை எழுதிக்கொள்ளாதீர்கள். ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தொடை எலும்பு இடுப்பில் பொருந்தும் மூட்டில் கோளாறு என்றால் கை பெரும்பாலும் அரைப்பகுதிக்குப் போகும். இடுப்பின் வெளிப்பக்க எலும்பு முனையைத் தொட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை என்றால் அது மூட்டைவிட, அங்குள்ள தசைநாண் அல்லது பர்சா (உராய்வைக் குறைக்கும் சிறு நீர்ப்பை) கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதே இடுப்பு மூட்டின் வலி முழங்காலில் மட்டும் தெரிவதும் உண்டு. முழங்கால் எக்ஸ்-ரே சுத்தமாக இருக்க, வலி மட்டும் போகாமல் இருந்தால் மேலே ஒரு மூட்டைச் சோதிக்க மறந்திருக்கிறோம் என்று பொருள்.

அடுத்து அசைவு. நோயாளி தானே அசைப்பதையும், நீங்கள் அசைப்பதையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டிலும் வலியும் தடையும் ஒரே அளவில் இருந்தால் கோளாறு மூட்டுக்குள். தானே தூக்கினால் வலிக்கிறது, நீங்கள் தூக்கினால் கை முழுதாக மேலே போகிறது என்றால் தசைநாணில் கோளாறு. தோள்பட்டைதான் இதைப் பழக நல்ல இடம். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது 60 முதல் 120 பாகை வரை மட்டும் வலித்து, அதற்கு மேலே வலி குறைந்தால் சுழல்தசை நாண்கள். கடைசிக் கட்டத்தில், காது அருகே வரும்போது வலித்தால் காறை எலும்பு மூட்டு. முழங்கையை உடலோடு ஒட்டவைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பும்போது, நீங்கள் திருப்பினாலும் நகரவில்லை என்றால் உறைந்த தோள். அவரிடம் சர்க்கரை நோய் பற்றிக் கேளுங்கள். உறைந்த தோளில் எக்ஸ்-ரே பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். தோள்மூட்டின் தேய்மானமும் வெளித்திருப்பத்தைக் குறைக்கும் என்பதால், அதை விலக்கத்தான் படம்.

கைவலியைக் கேட்டிருக்கிறீர்கள். இரவில் எழுந்து கையை உதறுகிறார், கட்டைவிரலிலிருந்து மோதிரவிரலின் பாதி வரை மரக்கிறது என்றால் மணிக்கட்டுச் சுரங்கத்தில் மீடியன் நரம்பு நெருக்கப்படுகிறது. கட்டைவிரல் மேட்டின் மேல்தோலில் உணர்வு இயல்பாக இருக்க வேண்டும். அந்தத் தோலுக்கான கிளை சுரங்கத்துக்கு முன்பே பிரிந்து மேலே போய்விடுகிறது. அங்கும் மரத்திருந்தால் நரம்பை இன்னும் மேலே, முன்கையிலோ கழுத்திலோ தேடுங்கள். மணிக்கட்டை மடக்கிப் பிடிக்கும் சோதனையை ஒரு நிமிடம் முழுதாகச் செய்யுங்கள். மாணவர்கள் பத்து விநாடியில் விட்டுவிட்டு "நெகட்டிவ்" என்று எழுதிவிடுகிறார்கள்.

மூட்டுக்குள்தான் என்று உறுதியானால் இரண்டாவது கேள்வி: அழற்சியா, தேய்மானமா? காலை விறைப்பை எல்லோரும் கேட்கிறார்கள், தவறாகக் கேட்கிறார்கள். "காலையில் விறைப்பு இருக்கிறதா?" என்றால் பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். "எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? எத்தனை மணிக்குக் கை பழையபடி மடங்கியது?" என்று கேட்டு நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்துக்குள் விட்டால் தேய்மானத்தின் பக்கம். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் அழற்சியின் பக்கம். இடைப்பட்டதற்கு மற்ற விவரங்கள் பேச வேண்டும். அழற்சி ஓய்வில் மோசமாகி நடமாட்டத்தில் குறையும். தேய்மானம் நடந்தால் கூடி உட்கார்ந்தால் குறையும்.

பிறகு விரல் வைத்துப் பாருங்கள். தேய்மானத்தில் விரல்முட்டி பெரிதாக இருந்தாலும் நெற்றியைத் தொடுவதுபோலக் கடினம், எலும்பே வளர்ந்திருக்கிறது. அழற்சியில் மூட்டுறை தடித்து, அழுத்தினால் கொடுக்கும். உள்ளங்கை முட்டிகளை, அதாவது விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மூட்டுகளைச் சோதிக்க விரல்களைச் சற்றே மடக்கச் செய்து, நீட்டுத் தசைநாணின் இரு பக்கமும் உங்கள் இரு கட்டைவிரல்களையும் வையுங்கள். உங்கள் நகம் வெளுக்கும் அளவு அழுத்தம் போதும். அதற்குக் குறைந்தால் எதுவும் தெரியாது. கூடினால் ஆரோக்கியமானவருக்கும் வலிக்கும். முழங்காலில் நீர் அதிகம் என்றால் மேலிருந்து கையால் வழித்துப் பிடித்துக்கொண்டு சில்லை அழுத்தினால் அது தட்டி மேலே வரும். நீர் கொஞ்சம் என்றால் இது பலிக்காது. உட்பக்கத்துக் குழியை மேல்நோக்கி வழித்துக் காலியாக்கி, வெளிப்பக்கத்தைக் கீழ்நோக்கி வழியுங்கள். உட்பக்கக் குழி மெல்ல உப்பினால் நீர் இருக்கிறது. கண் அந்தக் குழியின் மேலேயே இருக்க வேண்டும்.

இதையெல்லாம் நோயுற்ற மூட்டில் பழகுவதற்கு முன், முதல் மூன்று நாள் இயல்பான மூட்டுகளைத் தொடுங்கள். வகுப்புத் தோழிகளின் கைகள் போதும். இயல்பு எப்படி இருக்கும் என்று விரலுக்குத் தெரியாதவரை வீக்கம் எது என்று அதற்குத் தெரியாது. இந்தத் துறையில் புதியவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

மூன்றாவது: எத்தனை மூட்டு, எந்த மூட்டு, எவ்வளவு நாளாக? ஒன்று, இரண்டு முதல் நான்கு, ஐந்தும் அதற்கு மேலும் என்று மூன்றாகப் பிரிப்பது வழக்கம். கையில் விரல் நுனி மூட்டு, நடு மூட்டு, கட்டைவிரலின் அடிமூட்டு மூன்றும் தேய்மானத்துக்குப் பிடித்த இடங்கள். மணிக்கட்டு, உள்ளங்கை முட்டி, நடு மூட்டு ஆகியவை முடக்குவாதத்துக்கு, அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிசுக்கு. விரல் நுனி மூட்டை முடக்குவாதம் பொதுவாகத் தொடாது. நுனி மூட்டில் மென்மையான வீக்கம் இருந்தால் நகத்தைப் பாருங்கள். குழிகள் இருந்தால் சோரியாசிஸ் மூட்டழற்சி. தலைமுடிக்குள்ளும், காதுக்குப் பின்னும், தொப்புளிலும் தோலைத் தேடுங்கள், நோயாளி தானாகச் சொல்ல மாட்டார். பாதத்தை மறக்காதீர்கள். முடக்குவாதம் பல நேரம் கால்விரல் அடிமூட்டுகளில் தொடங்குகிறது. பாதத்தைக் குறுக்காகச் சேர்த்து மெல்ல அழுத்தினாலே நோயாளி முகம் சுளிப்பார்.

எவ்வளவு நாளாக என்பதற்கு ஆறு வாரம் என்று எல்லை வைப்பார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. பார்வோ வைரஸ், ஹெபடைட்டிஸ் பி, ரூபெல்லா போன்றவை இரண்டு கைகளிலும் சமமாக மூட்டழற்சியை உண்டாக்கி முடக்குவாதத்தைப் போலவே காட்டும். பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் அடங்கிவிடும். சிக்குன்குனியா மட்டும் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாது, மாதக்கணக்கில் நீடிக்கும். காய்ச்சலோடு தொடங்கியதா என்ற கேள்வியை விட்டுவிடக் கூடாது.

இந்த மூன்று கேள்விகளுக்கும் அப்பால், வரிசையை முறித்து முதலிடம் பிடிக்கும் நிலை ஒன்று உண்டு: திடீரென்று வீங்கிச் சூடான ஒற்றை மூட்டு. வேறென்று நிரூபிக்கப்படும்வரை அது சீழ்ப்பிடித்த மூட்டு. இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்கிப் படியுங்கள், ஏனென்றால் இங்கே தவறினால் குருத்தெலும்பு சில நாட்களில் அழியும், உயிரும் போகலாம். காய்ச்சல் இல்லை என்பது ஆறுதல் அல்ல, கணிசமானவர்களுக்குக் காய்ச்சல் வராது. ரத்த வெள்ளணு எண்ணிக்கை இயல்பு என்பதும் ஆறுதல் அல்ல. ஊசி போட்டு மூட்டு நீரை எடுக்க வேண்டும், அதுவும் ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுக்கிறார் என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஊசி நுழையும் இடத்தின் தோலில் தொற்று இருந்தால் அந்த வழியாகக் குத்தக் கூடாது. செயற்கை மூட்டு என்றால் நீங்கள் தொடவே வேண்டாம், எலும்பு அறுவை மருத்துவரை அழையுங்கள்.

எடுத்த நீரில் மூன்றைக் கேளுங்கள்: அணு எண்ணிக்கை, கிராம் சாயமும் கல்ச்சரும், படிகங்கள். சர்க்கரையும் புரதமும் கேட்பது பழைய பழக்கம், முடிவை மாற்றாது. நீர் கொஞ்சமே வந்தால் கல்ச்சருக்கு முன்னுரிமை. ஒரு கன மில்லிமீட்டரில் வெள்ளணு 2,000-க்குக் கீழே என்றால் அழற்சியற்றது. 2,000 முதல் 50,000 வரை அழற்சி. அதற்கு மேல், அவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளணு என்றால் சீழ். இந்தக் கோடுகள் பென்சிலால் போட்டவை. மூட்டில் யூரேட் படிகம் சேரும் நோயான கவுட் 50,000-ஐத் தாண்டலாம். நோய் எதிர்ப்பு குறைந்தவரின் சீழ் மூட்டு 50,000-ஐத் தொடாமலும் இருக்கும். கிராம் சாயத்தில் கிருமி தெரியவில்லை என்பதை வைத்துத் தொற்று இல்லை என்று சொல்லிவிட முடியாது. எல்லாவற்றையும் விட முக்கியமானது: படிகம் கண்டதும் நிம்மதியடையாதீர்கள். கவுட் இருக்கும் மூட்டிலேயே தொற்றும் வரும். கல்ச்சர் முடிவு வரும்வரை இரண்டையும் மனதில் வையுங்கள்.

படிகம் பார்ப்பதை வாய்ப்பாடாக அல்லாமல் நுண்ணோக்கியில் ஒருமுறையாவது பாருங்கள். யூரேட் படிகம் ஊசி வடிவம். நுண்ணோக்கியில் செருகும் ஈடுசெய்யும் தகட்டின் அச்சுக்கு இணையாகக் கிடந்தால் மஞ்சள், செங்குத்தாகக் கிடந்தால் நீலம். கால்சியம் பைரோபாஸ்பேட் சாய்சதுரம், நிறம் நேர்மாறு, ஒளியும் மங்கல். முனைவுற்ற ஒளியில் யூரேட்டைக் காண முடியும் என்று மக்கார்ட்டியும் ஹாலண்டரும் 1961-இல் காட்டினார்கள். கவுட்டை உறுதிசெய்ய அதைவிட நேரான வழி இன்றும் இல்லை. ரத்த யூரிக் அமிலம் அதற்கு மாற்று ஆகாது: வலி உச்சத்தில் இருக்கும்போது அது இயல்பாகக் காட்டலாம், வலி அடங்கி இரண்டு வாரத்துக்குப் பின் திரும்பப் பாருங்கள். யூரிக் அமிலம் கூடுதலாக உள்ள பலருக்குக் கவுட் வருவதே இல்லை. யூரேட் கரைந்திருக்கும் எல்லை டெசிலிட்டருக்கு 6.8 மி.கி. என்பதை நினைவில் வைத்தால், சிகிச்சை இலக்கு ஏன் 6-க்குக் கீழே என்பது மனப்பாடம் இல்லாமலே புரியும். அலோபியூரினாலை நாளுக்கு 100 மி.கி. அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவதும், முதல் 3 முதல் 6 மாதம் குறைந்த அளவு கால்ச்சிசினைத் துணையாகத் தருவதும் முக்கியமாக ஒரு பொதுக் காரணத்துக்குத்தான்: யூரேட் அளவு சட்டென்று மாறினாலே புதிய வலி கிளம்பும். இதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால், "மாத்திரை போட்டதும் வலி வந்தது" என்று நிறுத்திவிடுவார். ஏற்கெனவே அலோபியூரினால் எடுப்பவருக்கு வலி வந்தால் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

அளவுகோல்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மனப்பாடம் வேண்டாம். ஆய்வுக்கு ஒரே மாதிரியான நோயாளிகளைச் சேர்க்கத்தான் அவை எழுதப்பட்டன; ஒரு தனி மனிதருக்கு நோய் இருக்கிறதா என்று தீர்ப்பளிக்க அல்ல. ஆனால் எதற்கு எத்தனை மதிப்பெண் என்று பார்த்தால் நோயின் தன்மை தெரியும். முடக்குவாதத்துக்கான 2010 அளவுகோலில் 10-க்கு 6 தேவை. மூட்டுகளுக்கு அதிகபட்சம் 5, ஆன்டிபாடிகளுக்கு 3, அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனைகளான ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி.க்கு 1, ஆறு வாரத்துக்கு 1. பாதி மதிப்பெண் உங்கள் விரலில் இருக்கிறது. அதோடு, எண்ணத் தொடங்கும் முன்பே ஒரு நிபந்தனை: குறைந்தது ஒரு மூட்டிலாவது உறுதியான வீக்கம் இருக்க வேண்டும், அதற்கு வேறு நோய் பொருத்தமான காரணமாக இருக்கக் கூடாது. இந்த வரியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். 2019-இன் லூபஸ் அளவுகோலில் ஏ.என்.ஏ. 1:80 நுழைவுச்சீட்டு மட்டுமே, அதற்கு மதிப்பெண்ணே கிடையாது. 10 மதிப்பெண் வேண்டும். மூன்றாம் அல்லது நான்காம் வகைச் சிறுநீரக அழற்சி ஒன்றே 10 தருகிறது. ஆகவே லூபஸ் என்று சந்தேகித்தால் அன்றே சிறுநீரைப் பாருங்கள். சிறுநீரக அழற்சி வலிக்காது. லூபஸ் தீவிரமாகும்போது ஈ.எஸ்.ஆர். ஏறும், சி.ஆர்.பி. பெரும்பாலும் ஏறாது, சி.ஆர்.பி.யும் நன்றாக ஏறியிருந்தால் தொற்றைத் தேடுங்கள், அல்லது நுரையீரல், இதய உறைகளில் அழற்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

முதுகுவலி பெரும்பாலும் சாதாரணம். அதனாலேயே ஆபத்தானது தப்பிவிடுகிறது. சிறுநீர் கழிக்க முடியவில்லை, ஆசனவாயைச் சுற்றி மரத்திருக்கிறது, இரண்டு கால்களும் வலுவிழக்கின்றன என்றால் அன்றே எம்.ஆர்.ஐ. கீழ்முதுகிலிருந்து காலுக்குப் போகும் நரம்பு வேர்களுக்கு மூன்று அடையாளம் போதும்: எல்4-க்கு முழங்கால் அனிச்சை, எல்5-க்குக் கால் பெருவிரலை மேலே தூக்கும் வலு, எஸ்1-க்குக் குதிகால் அனிச்சை. 40 வயதுக்கு முன், மெல்லத் தொடங்கி, நடந்தால் குறைந்து, படுத்தால் கூடி, பின்னிரவில் எழுப்பும் வலி என்றால் முதுகெலும்பு மூட்டழற்சி. இந்த நோயோடு தொடர்புடைய எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபுக்கூறு உள்ளவர்களில் ஏறக்குறைய 5 சதவீதம் பேருக்கே அந்த நோய் வருகிறது, எனவே அந்தப் பரிசோதனையைத் தனியாக நம்ப வேண்டாம். எக்ஸ்-ரேயில் மாற்றம் தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம். ஷோபர் சோதனையில் இடுப்புக் குழிகளின் மட்டத்தில் ஒரு கோடு, அதற்கு 10 செ.மீ. மேலே, 5 செ.மீ. கீழே என்று குறித்து, முழங்காலை மடக்காமல் குனியச் சொல்லுங்கள், 15 செ.மீ. 20-ஆக நீள வேண்டும். கோடுகளை நிற்கும்போதே போடுங்கள்.

50 வயதைக் கடந்தவருக்குப் புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடைவலி, பார்வையில் சிறு மறைப்பு என்றால் ராட்சத அணு ரத்தக்குழாய் அழற்சி. பயாப்சிக்காகக் காத்திருக்காமல் பிரெட்னிசோலோன் 40 முதல் 60 மி.கி. தொடங்க வேண்டும், பார்வை ஏற்கெனவே பாதித்திருந்தால் மெத்தில்பிரெட்னிசோலோனைச் சிரை வழியாக. ஸ்டீராய்டு தொடங்கி ஓரிரு வாரத்துக்குள் எடுத்த திசுவிலும் மாற்றம் தெரியும், ஆகவே தாமதத்துக்குச் சாக்கு இல்லை. இதே வயதில் இரண்டு தோளும் இடுப்பும் விறைத்து வலிப்பவருக்குத் தசை வலு இயல்பு, தசைச் சிதைவைக் காட்டும் ரத்தச் சோதனையான சி.கே. இயல்பு என்றால் பாலிமயால்ஜியா ருமாட்டிகா. கையைத் தூக்க முடியவில்லை, வலி அதிகமில்லை, சி.கே. எகிறியிருக்கிறது என்றால் தசையழற்சி. வலியா, வலுவின்மையா என்று பிரித்துக் கேட்காததால்தான் இவை இரண்டும் குழம்புகின்றன.

மருந்துகளில் மெத்தோட்ரெக்சேட்டை மட்டும் வரிக்கு வரி படியுங்கள். வாரம் ஒருமுறை, பொதுவாக 7.5 முதல் 25 மி.கி. தினமும் என்று யாராவது படித்துவிட்டால் வாய்ப்புண், எலும்புமஜ்ஜை முடக்கம், மரணம். சீட்டில் கிழமையின் பெயரை எழுதுங்கள், 2.5 மி.கி. மாத்திரையை மட்டுமே எழுதுங்கள், 10 மி.கி. மாத்திரையும் கலந்தால் எண்ணிக்கை பிசகும். ஃபோலிக் அமிலம் வேறு கிழமையில். சிறுநீர்த் தொற்றுக்கு வேறொருவர் கோ-டிரைமாக்சசோல் எழுதிவிடுவது நன்கு அறியப்பட்ட விபத்து. இரண்டும் ஃபோலேட்டைத் தடுப்பவை, ரத்த அணுக்கள் சரியும். கருத்தரிக்கும் திட்டம் உண்டா என்பதை மாத்திரை எழுதும் முன்பே கேளுங்கள். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும் என்று சொல்லாவிட்டால் நோயாளி மூன்றாம் வாரமே நிறுத்துவார். ஹைட்ராக்சிக்ளோரோகுயின் நாளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மி.கி.யைத் தாண்டக் கூடாது, விழித்திரைக்காக. மற்றவற்றைப் பயிற்சி முடிந்த பின் படித்துக்கொள்ளலாம்.

இரண்டு வாரம் எப்படி? முதல் மூன்று நாள் இயல்பான மூட்டு, சொன்னேன். நான்காம் நாளிலிருந்து வார்டில் யார் எதற்காகப் படுத்திருந்தாலும் மூன்று கேள்வி: தசையிலோ மூட்டிலோ முதுகிலோ வலி, விறைப்பு உண்டா, உதவியில்லாமல் முழுதாக உடுத்த முடிகிறதா, படியேறி இறங்க முடிகிறதா? பிறகு நடை, கை, கால், முதுகெலும்பு என்று பார்த்துவிடுங்கள். பழகினால் ஓரிரு நிமிட வேலை. முதல் வாரக் கடைசியில் ஒற்றை மூட்டு, இரண்டாம் வாரத் தொடக்கத்தில் பல மூட்டு, பிறகு முதுகு, கடைசி இரண்டு நாள் எக்ஸ்-ரேயும் அந்த அட்டவணையும். எக்ஸ்-ரேயில் தேய்மானத்துக்கு இடைவெளி சமமின்றிக் குறைதல், எலும்பு முள், குருத்தெலும்புக்கு அடியில் வெண்மையும் நீர்க்கட்டியும். முடக்குவாதத்துக்கு மூட்டோர எலும்பின் அடர்த்தி குறைதல், ஓரத்தில் அரிப்பு, இடைவெளி சீராகக் குறைதல். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தனித்தனியாகப் படித்தால் ஒட்டாது.

தேர்வில் நோயாளியைச் சொல்லும்போதும் நோயின் பெயரில் தொடங்காதீர்கள். "45 வயதுப் பெண், நான்கு மாதமாக, இரு கைச் சிறு மூட்டுகளிலும் சமமாக, காலை இரண்டு மணி நேர விறைப்புடன் கூடிய அழற்சி வகைப் பல்மூட்டு நோய், விரல் நுனி மூட்டுகள் தப்பியுள்ளன" என்று சொல்லி நிறுத்துங்கள். அதற்குப் பின் தேர்வாளர் கேட்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: ஏன் லூபஸ் இல்லை, அல்லது அறுவைசிகிச்சைக்கு முன் என்ன பார்ப்பீர்கள். முதலாவதற்கு லூபஸின் மூட்டுக் கோணல் கையால் நேராக்கினால் திரும்பும், எலும்பை அரிக்காது; அதோடு சிறுநீர், தோல், ரத்த அணுக்கள். இரண்டாவதற்குக் கழுத்து: நீண்டநாள் முடக்குவாதத்தில் முதல் இரண்டு கழுத்தெலும்புகள் நழுவியிருக்கலாம், மயக்க மருத்துவர் குழாய் போடக் கழுத்தை வளைக்கும் முன் குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த பக்கவாட்டு எக்ஸ்-ரே வேண்டும்.